தொலைவிலிருந்து ஒரு சுவிட்ச்: வீட்டில் செய்த கருவிகளின் வரலாறு

விளக்கு, விசிறி, மோட்டார் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து இயக்க ஒருவர் தாமே செய்துகொள்ளும் கருவியில் அடிப்படையாக இரண்டே பகுதிகள் உண்டு. ஒன்று, மின்சாரத்தைச் சேர்க்கவும் துண்டிக்கவும் செய்யும் ரிலே. மற்றது, அந்த ரிலேவுக்குக் கட்டளை வந்து சேரும் வழி. ரிலே தந்திக் காலத்துப் பொருள். கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்து பெரிய மின்னோட்டத்துக்குப் பாதை விடுகிறது. 1830-களில் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி கையாண்ட இந்த ஏற்பாடு இன்றைய பத்து ஆம்பியர் ரிலேவிலும் மாறவில்லை. மாறிக்கொண்டே வந்தது வழிதான்: தனிக் கம்பி, வீட்டு மின்கம்பி, தொலைபேசி, கணினியின் பிரிண்டர் போர்ட், கடைசியில் வை-ஃபை. மலிவாக ஒரு புது வழி கிடைத்த ஒவ்வொரு முறையும் வீடுகளில் சாலிடரிங் அயர்ன் சூடேறியிருக்கிறது. அந்த வழிகளில் பெரும்பாலானவை வேறு ஏதோ வேலைக்காக உருவானவை.

கட்டளை போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. விளக்கு எரிந்ததா இல்லையா என்ற செய்தி திரும்பி வர வேண்டும். இந்த இரண்டாம் பாதிக்கு விடை கிடைக்கத்தான் நெடுங்காலம் பிடித்தது.

தனிக் கம்பி இழுத்தவர்கள் முதலில் வந்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் என்னும் ஊரில் எமில் மத்தியாஸ் என்பவர் தம் வீட்டுத் திரைச்சீலை, சன்னல், சமையலறைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொத்தான் வைத்தார். 1950-இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் அந்த வீட்டைப் பற்றி எழுதியது. பொத்தானின் இடத்தில் கணினியை வைத்தவர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனப் பொறியாளர் ஜிம் சதர்லாந்து. தொழிற்சாலைகளை இயக்கும் கணினிகளில் மிஞ்சிய பாகங்களைக் கொண்டு 1966-இல் பிட்ஸ்பர்க்கில் தம் வீட்டுக்கென்றே ஒரு கணினியைக் கட்டினார். ‘எக்கோ 4’ என்பது அதன் பெயர். ஏறக்குறைய 360 கிலோ எடை. வீட்டின் நிலவறையை அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக் கடிகாரங்களை ஓட்டுவது, அறையின் வெப்பநிலையைக் கவனிப்பது, தொலைக்காட்சியைக் கட்டுப்படுத்துவது, மளிகைச் சாமான் கணக்கு வைத்துக்கொள்வது ஆகியவை அதற்குத் தரப்பட்ட வேலைகள். விற்பனைக்கு என்று அது எண்ணப்படவே இல்லை. தம் அலுவலகத்தில் பழகிய பொருளை ஒரு பொறியாளர் வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். பின்னாளில் வந்த கையால் செய்த கருவிகளில் பாதிக்கு இதுதான் பிறப்புக் கதை.

தனிக் கம்பியின் குறை வெளிப்படையானது: ஒவ்வொரு விளக்குக்கும் சுவரை உடைக்க வேண்டும். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியிலேயே கட்டளையை அனுப்பிவிடலாம் என்ற யோசனையைச் செயலாக்கியது ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் நகரிலிருந்த பைகோ எலெக்ட்ரானிக்ஸ். கால்குலேட்டர் சில்லுகள் வடிவமைத்துக் கொண்டிருந்த சிறு நிறுவனம் அது. 1975-இல் தொடங்கிய அதன் பத்தாவது திட்டமே ‘எக்ஸ்-10’. 1978 முதல் அமெரிக்கக் கடைகளில் அது கிடைத்தது.

எக்ஸ்-10 வேலை செய்யும் முறை எளிமையும் நுட்பமும் கலந்தது. மாறுமின்னோட்டத்தின் அலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போகும்போது ஒவ்வொரு முறையும் சுழியைக் கடக்கும். அந்தக் கணத்தில்தான் கம்பியில் இரைச்சல் குறைவு. அப்போது 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு சிறு துடிப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. பதினாறு வீட்டுக் குறிகள், ஒவ்வொன்றிலும் பதினாறு கருவி எண்கள். ஆக 256 முகவரிகள். நொடிக்கு அறுபது சுழற்சி ஓடும் அமெரிக்க மின்சாரத்தில் ஒரு விளக்கைப் போடும் முழுக் கட்டளை போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆனது. வேகம் குறைவு என்றாலும் ஒரு விளக்குக்கு அது போதும்.

இடைஞ்சல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க வீடுகளில் மின்சாரம் இரண்டு கால்களாக உள்ளே வருகிறது. ஒரு காலில் அனுப்பிய கட்டளை மறு காலிலுள்ள விளக்கை அடைய, தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும்; வழியிலேயே தேய்ந்துவிடும். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு மின்தேக்கியைப் பாலமாகப் போடும் வைத்தியம் பொழுதுபோக்குக்காரர்களிடம் கைமாறிப் பரவியது. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் எக்ஸ்-10 வாங்கியிருந்தால் அவர் அழுத்தும் பொத்தானுக்கு இங்கே விளக்கு எரியும். அப்போது வீட்டுக் குறியை மாற்றிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, தொடக்க கால எக்ஸ்-10 விளக்குக் கருவிகள் பதில் சொல்லாதவை. கட்டளை போனது தெரியும். பலித்ததா என்பது தெரியாது.

ஆனாலும் இதுவே கணினிக்காரர்களின் முதல் விளையாட்டுக் களம். ‘பைட்’ இதழில் மின்சுற்றுப் பகுதி எழுதிவந்த ஸ்டீவ் சியார்சியா, வீட்டுக் கணினியால் எக்ஸ்-10-ஐ இயக்குவது எப்படி என்று 1980-இல் படிப்படியாக விளக்கினார். கணினிக்கும் எக்ஸ்-10 பெட்டிக்கும் நடுவே கம்பி ஏதும் இல்லை. அந்தப் பெட்டியோடு வந்த கையடக்க ரிமோட் மீயொலியில் பேசியது. கணினியும் அதே மீயொலியை எழுப்பி, ரிமோட்டைப் போலவே கட்டளையிட்டது. பெட்டியைத் திறக்காமல், உற்பத்தியாளர் விட்டுவைத்த வாசலை மட்டும் பயன்படுத்தும் இந்த உத்தி பிறகு பலமுறை கையாளப்பட்டிருக்கிறது.

இதற்கிடையே கணினி வலையமைப்பும் வீட்டுப் பொருளைத் தொட்டது. 1980-களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கட்டடத்துக் கோக் இயந்திரத்தின் விளக்குகளைக் கணினிக்கு இணைத்து, குளிர்ந்த புட்டி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் காபிப் பாத்திரத்துக்கு ஒரு கேமரா வைக்கப்பட்டது. இரண்டும் பார்க்க மட்டுமே உதவின. வலைவழியாகக் கட்டளையிட்டு ஒரு வீட்டுக் கருவியை இயக்கிக் காட்டியவர் ஜான் ராம்கி. 1990-இல் இன்டராப் கண்காட்சியில் ஒரு சன்பீம் டோஸ்டரை அவர் இணையத்தோடு இணைத்தார். ஆஸ்திரேலியாவின் சைமன் ஹேக்கெட் துணை நின்றார். வலையமைப்புப் பெட்டிகளை மேற்பார்வையிட உருவான எஸ்.என்.எம்.பி. என்ற விதிமுறையையே அவர்கள் கட்டளைக்குப் பயன்படுத்தினார்கள். மின்சாரத்தைப் போடலாம், நிறுத்தலாம். ரொட்டித் துண்டைக் கையால்தான் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு சின்ன லெகோ பாரந்தூக்கி சேர்ந்தது.

எக்ஸ்-10 இந்தியாவில் பரவவில்லை. இங்கே ஆர்வலர்களுக்குக் கிடைத்த வழி, கணினியின் பின்புறமிருந்த பிரிண்டர் போர்ட். இருபத்தைந்து துளைகளில் எட்டு, தகவல் கம்பிகளுக்கானவை. 378 என்ற பதினாறடிமான முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பினால் அந்த எட்டுக் கம்பிகளிலும் ஐந்து வோல்ட் வரும் அல்லது நீங்கும். எட்டுக் கம்பிகள், எட்டு விளக்குகள். ஆனால் போர்ட்டிலிருந்து கிடைக்கும் மின்னோட்டம் ரிலேவை இழுக்கப் போதாது. நடுவில் யு.எல்.என். 2003 என்ற ஏழு கால்வாய்ச் சில்லு, எட்டும் வேண்டுமென்றால் 2803, போட வேண்டும். ரிலேச் சுருள் விடுபடும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை விழுங்கும் டையோடுகள் அதற்குள்ளேயே இருந்ததால் தனியாக எதுவும் வேண்டியதில்லை. இதைச் செய்தவர்கள் எல்லாரும் ஒரு தொல்லையைப் பார்த்திருப்பார்கள்: கணினியை ஆன் செய்ததும் அது பிரிண்டர் இருக்கிறதா என்று தேடும், அந்தச் சில நொடிகள் ரிலேக்கள் தாமாகவே டக் டக்கென்று அடித்துக்கொள்ளும்.

அடுத்து வந்தது தொலைபேசி வழி. பொத்தானை அழுத்தினால் கேட்கும் ஒலி இரண்டு சுருதிகளின் கூட்டு. 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் சேர்ந்து ஒலிக்கும். எம்.டி. 8870 என்ற சில்லு அதைக் கேட்டு நான்கு இலக்க இரும எண்ணாகத் தரும். அதற்குத் துடிப்புத் தரும் 3.58 மெகாஹெர்ட்ஸ் படிகம் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்டதால் மலிந்துபோன பொருள். 2000-களில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டுப் புராஜெக்ட்டுகளில் இது தவறாமல் இடம்பெற்றது: தானாக அழைப்பை எடுக்கும்படி வைத்த ஒரு செல்போன், அதன் இயர்போன் கம்பியிலிருந்து 8870, அதிலிருந்து 8051 வகை மைக்ரோ கன்ட்ரோலர், கடைசியில் ரிலே. சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் அத்தனையும் வாங்கிவிடலாம். எத்தனையோ பேருக்கு மின்னணுவியல் கையில் படிந்தது இந்தச் சுற்றில்தான். அந்தப் புராஜெக்ட்டுகளைக் காப்பி என்று ஒதுக்குவது நியாயமல்ல.

இதே காலத்தில், வீட்டைவிட வயலில்தான் தேவை கடுமையாக இருந்தது. தமிழ்நாட்டில் வேளாண் பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமும் என்று முறைவைத்து வந்தது. நள்ளிரவில் கரண்ட் வந்தால் டார்ச்சோடு வரப்பில் நடந்து கிணற்றுமேட்டுக்குப் போக வேண்டும். பாம்பு பயம் வேறு. பம்புசெட் ஸ்டார்ட்டரின் அமைப்பு இதற்கு வசதியாக இருந்தது. பச்சைப் பொத்தானை ஒரு கணம் அழுத்தினால் போதும், ஸ்டார்ட்டர் தானே பிடித்துக்கொள்ளும். சிவப்பை அழுத்தினால் விட்டுவிடும். ஆகவே பச்சைக்கு இணையாக ஒரு ரிலே, சிவப்போடு தொடராக ஒரு ரிலே. பல கைத்தொழிலர்கள் பழைய பட்டன் செல்போனைப் பிரித்து, அதன் அதிர்வு மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை வெளியே எடுத்தார்கள். அழைப்பு வந்தால் அந்தக் கம்பிகளில் சிறு மின்னழுத்தம் வரும்; அது ஒரு டிரான்சிஸ்டரைத் திறந்து ரிலேவை இழுக்கும். அழைப்பை யாரும் எடுப்பதில்லை என்பதால் காசும் இல்லை: ஒரு மிஸ்டு கால், மோட்டார் ஓடும்.

தண்ணீர் வந்ததா, ஒரு முனை போய்விட்டதா என்று வீட்டிலிருந்து தெரிந்துகொள்ளும் தேவையும் இங்கேதான் முதலில் உறைத்தது. இரண்டு முனையில் ஓடினால் மோட்டார் காயில் எரிந்துபோகும். அந்தச் செலவு ஒரு போகத்து லாபத்தைத் தின்னும். புனேயின் சந்தோஷ் ஓஸ்ட்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ போன்ற விற்பனைக் கருவிகள் மின்சாரம் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று பதில் சொல்லும் வகையில் வந்தன. கோவை வட்டாரத்துக் கடைகளில் ‘மொபைல் ஸ்டார்ட்டர்’ என்று கேட்டு வாங்கும் பொருள் இந்த வழியில் வந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்து வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பிறந்த ஆர்டுயினோ பலகை மைக்ரோ கன்ட்ரோலரைக் கற்பதை எளிதாக்கியது. ஆனால் அதற்கு வலையமைப்பு தெரியாது. வை-ஃபைக்காக அதன் மேலே செருகும் அட்டையின் விலை ஆர்டுயினோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை 35 டாலருக்கு ஒரு முழுக் கணினியைத் தந்தது. வீட்டுக்கு ஒரு பை சரி, விளக்குக்கு ஒரு பை கட்டுப்படியாகாது.

கணக்கை மாற்றியது 2014 ஆகஸ்டில் கவனத்துக்கு வந்த ஒரு சின்னஞ்சிறு பலகை. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 8266 சில்லைக் கொண்டு ஏ.ஐ.-திங்கர் செய்த ஈ.எஸ்.பி.-01 அது. கட்டைவிரல் நக அளவைவிடச் சற்றே பெரியது. நான்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டு ஊசிகள். பலகையிலேயே வளைந்து வளைந்து அச்சிட்ட ஆன்டெனா. விலை ஐந்து டாலர் அளவில். வேறொரு கன்ட்ரோலருக்கு வை-ஃபை ஏவலாளாக இருக்கவே அது விற்கப்பட்டது. சீன மொழியில் மட்டும் கிடைத்த கையேட்டை ஆர்வலர்கள் கூடி மொழிபெயர்த்தார்கள். படித்தபோது, சில்லுக்குள்ளேயே 80 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் செயலி இருப்பதும், அது ஆர்டுயினோவைவிட வலிமையானது என்பதும் தெரிந்தது. அப்படியானால் ஆர்டுயினோ எதற்கு? அந்த ஆண்டு அக்டோபரில் எஸ்பிரெசிஃப் நிரல் எழுதும் கருவிகளை வெளியிட்டது. உடனேயே லுவா மொழியில் எழுத உதவும் நோட்எம்சியு வந்தது. 2015-இல் ஆர்டுயினோ மென்பொருளிலேயே அதற்கு நிரல் எழுத முடிந்தது. ஒரு ஈ.எஸ்.பி.-01, ஒரு ரிலே, ஐந்து வோல்ட் சார்ஜர், 3.3 வோல்ட் ரெகுலேட்டர். வை-ஃபையில் மாட்டிய சுவிட்ச் தயார்.

தயார் என்று சொல்வதற்கும் ஓடுவதற்கும் நடுவே இரண்டு பள்ளங்கள் இருந்தன. எல்லாரும் அவற்றில் விழுந்தார்கள். வை-ஃபையில் பேசும் கணத்தில் இந்தச் சில்லு 300 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். யு.எஸ்.பி. மாற்றியின் 3.3 வோல்ட் ஊசியிலிருந்து மின்சாரம் எடுத்தால் மூச்சு வாங்கித் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். மற்றொன்று, சில்லு விழித்தெழும்போது ஜி.பி.ஐ.ஓ. 0 என்ற ஊசி கீழ் நிலையில் இருந்தால், புது நிரல் ஏற்றப் போகிறார்கள் என்று எண்ணிக் காத்திருக்கும். ஈ.எஸ்.பி.-01-இல் தாராளமாகப் பயன்படுத்தக் கிடைப்பவை இரண்டே ஊசிகள். அவற்றில் இதுவும் ஒன்று. ரிலேவை அதில் மாட்டினால் மேசையில் வைத்துச் சோதிக்கும்வரை நன்றாக ஓடும். கரண்ட் போய் வந்த பிறகு எழவே எழாது. மின்வெட்டு பழகிய ஊர்களில் இந்தப் பிழை சீக்கிரம் பிடிபட்டது.

கட்டளைக்கு மொழி வேண்டியிருந்தது. தொடக்கத்தில் சில்லு தானே ஒரு சிறு பக்கத்தை பிரவுசருக்குத் தந்து, இரண்டு பொத்தான்களைக் காட்டியது. ஒரு விளக்கு பத்தானபோது இது சிக்கலாயிற்று. 1999-இல் ஐ.பி.எம்.-இன் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க எம்.க்யூ.டி.டி. என்ற விதிமுறையை வகுத்திருந்தார்கள். செயற்கைக்கோள் நேரம் விலை அதிகம் என்பதால் செய்திகள் மிகச் சுருக்கமானவை. சின்னச் சில்லுக்கு அதுவே வரமாயிற்று. நடுவில் ஒரு புரோக்கர் மென்பொருள் இருக்கும். கூடத்து விளக்கு தன் நிலையை அதனிடம் சொல்லும். தெரிய வேண்டியவர்கள் அதனிடம் கேட்டுக்கொள்வார்கள். கடைசியாகச் சொன்ன நிலையைப் புரோக்கர் நினைவில் வைத்திருக்கும். கருவியின் இணைப்பு அறுந்தால் அதையும் தானே அறிவிக்கும். எக்ஸ்-10-இல் இல்லாத பதில் இங்கே பிறவியிலேயே இருந்தது. ஸ்டான்ஃபோர்டு-கிளார்க் வைட் தீவிலுள்ள தம் வீட்டையே இதில் இணைத்து, எலிப்பொறி விழுந்தால்கூடத் தகவல் வரும்படி செய்திருந்தார்.

2016-இல் ஷென்ஷெனின் ஐடெட் நிறுவனம் ‘சோனாஃப்’ என்ற ஆயத்த சுவிட்சை மலிவாக விற்றது. திறந்து பார்த்தால் உள்ளே அதே 8266. நிரல் ஏற்றும் துளைகளும் பலகையில் அப்படியே இருந்தன. நெதர்லாந்தின் தியோ அரென்ட்ஸ் அதற்கென எழுதிய மாற்று நிரல் ‘டாஸ்மோட்டா’வாக வளர்ந்தது. வீட்டில் செய்வதன் பொருள் இங்கே மாறுகிறது: பெட்டி கடையுடையது, அதற்குள் ஓடும் நிரல் வாங்கியவருடையது. இதற்குத் தேவையும் இருந்தது. ‘ரிவால்வ்’ என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை நடத்திய நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவை நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் பயனற்றுப் போயின. வீட்டு விளக்கைப் போட அயல்நாட்டு சர்வரின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு தவறானது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வாதமும் காட்டியிருக்க முடியாது. 2013-இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டன்ட்’ மென்பொருள் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளிருக்கும் ஒரு கணினியிலேயே வைத்துக்கொள்ள வழி செய்தது. 2024 ஏப்ரலில் அது லாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளையின் கீழ் வந்தது.

இந்திய வீடுகளில் இக்கருவி அமையும் இடம் சுவிட்ச் போர்டின் பின்புறம். அமெரிக்கப் பழைய வீடுகளில் சுவிட்சுப் பெட்டிக்குப் பெரும்பாலும் நியூட்ரல் கம்பி வருவதில்லை. கருவிக்குத் தொடர்ந்து மின்சாரம் தருவதே அங்கே பெரும்பாடு. இங்கே நான்கு சுவிட்சுக்கு நடுவே ஒரு பிளக் பாயின்ட் இருப்பது வழக்கம், ஆகவே நியூட்ரல் போர்டிலேயே இருக்கும். மாறாக, இங்குள்ள சிக்கல் சீலிங் ஃபேன். போடுவதும் அணைப்பதும் போதாது, வேகம் வேண்டும். 2.2, 3.3 மைக்ரோஃபாரட் என்று இரண்டு மின்தேக்கிகளைத் தனித்தனி ரிலேவில் மாட்டி, ஒன்று, மற்றது, இரண்டும் சேர்ந்து, நேரடி என நான்கு வேகம் எடுக்கிறார்கள். மின்தேக்கியில் தங்கிய மின்னேற்றம் ரிலே சேரும் கணத்தில் பொறி பறந்து முனைகளை ஒட்டவைத்துவிடும் என்பதால் தொடராக ஒரு சிறு மின்தடையும், மின்னேற்றத்தை வடிக்கக் குறுக்கே ஒரு பெரிய மின்தடையும் போட வேண்டும். 2000 வாட் கெய்சர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். சின்ன ரிலேவின் மேல் பத்து ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அதை நம்பாமல் தனிக் கான்டாக்டர் வைப்பதே முறை. 230 வோல்ட் ஓடும் தடத்துக்கும் சில்லின் தடத்துக்கும் நடுவே பலகையில் இடைவெளி விட்டு வெட்டுவதும் அப்படியே.

சுவரிலுள்ள சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள் இந்தக் கருவியை ஏற்பதில்லை, அது நியாயமும்கூட. முதலில் மாடிப்படி விளக்குக்குப் போடும் டூ-வே முறையைக் கையாண்டார்கள்: சுவர் சுவிட்ச் ஒரு முனை, ரிலே மறு முனை. எங்கிருந்தும் போடலாம், அணைக்கலாம். ஆனால் விளக்கு எரிகிறதா என்பது செல்போனுக்குத் தெரியாமல் போனது. பிறகு சுவிட்சை மின்சாரப் பாதையிலிருந்தே விலக்கி, அதன் இரண்டு கம்பிகளையும் சில்லின் உள்ளீட்டு ஊசிக்குத் தந்தார்கள். சுவிட்சின் நிலை மாறியதும் சில்லு அதைக் கண்டு ரிலேவை மாற்றி, புது நிலையைப் புரோக்கரிடம் சொல்லும். வை-ஃபை இல்லாத நேரத்திலும் சுவர் சுவிட்ச் வழக்கம்போல் வேலை செய்யும். கரண்ட் போய் வந்தால் கடைசி நிலைக்குத் திரும்புவதா, அணைந்தே இருப்பதா என்பதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம். விளக்குக்கு முதலாவதையும் கெய்சர், மோட்டார் போன்றவற்றுக்கு இரண்டாவதையும் வைப்பது வழக்கமாகியிருக்கிறது.